அழிக்கவா என்று கேட்கும் கேமரா

ஜூன் 5, 2011, ஞாயிறு

கேமரா வந்துவிட்டது. சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கிறது. மேஜைமேல் வைத்துவிட்டு நானும் இவரும் எதிரெதிரே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம், பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி.

வாங்க வைத்தவள் ஜெயக்கொடி. எம்.எஸ்ஸி.யில் என் பெஞ்சில் உட்கார்ந்து என் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து வரைந்தவள், இன்று மகளிர் கல்லூரியில் தாவரவியல் துறைத் தலைவி. இந்தப் பக்கத்துச் சின்னச் செடிகளைப் பற்றி மாணவிகளுக்கு ஒரு கையேடு எழுதி முடித்திருக்கிறாள். நாற்பது செடிகள். ஒவ்வொன்றுக்கும் பூவும் இலையும் துல்லியமாகத் தெரிகிற மாதிரி ஒரு கிட்டத்துப் படம் வேண்டுமாம்.

"கல்யாண வீட்டுல படம் எடுக்கிறவனைக் கூட்டிட்டுப் போனேன். குப்பைமேனியக் காட்டினா, 'மேடம், செடி எங்க?'ன்னு கேக்கான். செடி தெரிஞ்ச ஆளு வேணும்டி வடிவு. ஜூலை முப்பத்தொண்ணுக்குள்ள நாற்பதும் குடு. அட்டையில என் பேருக்குக் கீழ உன் பேரு."

அட்டையில் என் பெயர். படித்து முடித்த இருபத்திரண்டு வருடங்களில் என் பெயர் அச்சில் வந்தது மூன்று தடவை. கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல். கடைசியதில் 'சண்முகவடிவேல், ஆண்' என்று போட்டிருந்தார்கள்.

பெட்டியின் பக்கவாட்டில் கேமராவின் விவரங்களை அச்சடித்திருக்கிறார்கள். எறும்பு வாசிப்பதற்காகப் போட்ட எழுத்து. இவரைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வாசிக்கச் சொன்னேன். "பன்னிரண்டு மெகாபிக்சல், ஆப்டிகல் ஜூம் அஞ்சு, டிஜிட்டல் ஜூம் இருபது" என்று ஜாதகம் வாசிக்கிற குரலில் வாசித்தார். இவர் தொலைபேசி அலுவலகத்தில் குமாஸ்தா. ஆனாலும் என் தம்பிகள் இவரை 'எச்செம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஐந்து வருடத்துக்கு முன் இவர் கண்ணாடி போட்ட அன்று எல்லோர் முன்னாலும் நான் வைத்த ஹெட்மாஸ்டர் பட்டம். சிரித்துக்கொள்வார்.

எனக்குக் கண்ணாடியெல்லாம் கிடையாது. தென்காசி பஸ் ஸ்டாண்டில் வளைவில் திரும்பும்போதே பஸ்ஸின் போர்டை வாசிக்கிறவள் நான். "சுரண்டை வருது" என்று நான் சொன்ன பிறகுதான் பக்கத்தில் இருப்பவர்கள் பையைத் தூக்குவார்கள்.

ஜூன் 6, திங்கள்

கேமராவை விற்ற காஜாவின் கடைக்குப் போனேன். முன்னால் கடை, பின்னால் ஸ்டுடியோ. முப்பத்தைந்து வயதிருக்கும். பொறுமைசாலி. நோட்டும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்ததும் அவர் டீக்குச் சொல்லிவிட்டார், சீக்கிரம் முடியாது என்று புரிந்துகொண்டு.

"மெகாபிக்சல்னா என்ன தம்பி?"

"புள்ளிக்கா. எதிர்த்த வீட்டுல தினம் கோலம் போடுதாங்கல்லா, அது மாதிரி. பத்து லட்சம் புள்ளி ஒரு மெகாபிக்சல். உங்கள்ட்ட இருக்கது ஒரு கோடியே இருபது லட்சம்."

"அவ்வளவு புள்ளி வைக்க வாசல் எங்க இருக்கு?"

"அதைக் கேட்டீங்க பாருங்க. உள்ள இருக்க சென்சார்தான் வாசல். சுண்டு விரல் நகம் அளவு. அதுல நெருக்கி நெருக்கி வச்சிருக்கான். அதனால புள்ளி கூடுனா படம் நல்லாருக்கும்னு யாரும் சொன்னா நம்பாதீங்க."

ஜூம் பற்றிக் கேட்டேன். ஆப்டிகல் என்றால் லென்ஸ் நிஜமாகவே நகர்ந்து பொருளைப் பெரிதாக்குகிறதாம். டிஜிட்டல் என்றால் இருக்கிற படத்தை வெட்டி இழுத்துக் காட்டுவது. "சாம்பார்ல தண்ணி ஊத்துத கதைக்கா. எல்லாருக்கும் வரும், ருசி வராது. அந்தப் பக்கமே போகாதீங்க."

கிட்டத்துப் படத்துக்கு மேக்ரோ. ஒரு குட்டிப் பூ போட்ட பட்டன். ஐந்து சென்டிமீட்டர் வரை நெருங்கலாம். ஷட்டர் பட்டனைப் பாதி அமுக்கினால் திரையில் பச்சைக் கட்டம் வரும், 'பிப் பிப்' என்று ஒலிக்கும். பிறகு முழுதாக அமுக்க வேண்டும். பச்சை வந்தால் படம் தெளிவு என்று அர்த்தம்.

"அஞ்சு சென்டிமீட்டருக்கும் கிட்டப் போனா?"

"அதுக்குக் கண்ணு தெரியாது. எல்லாக் கண்ணுக்கும் ஒரு தூரம் உண்டுல்லாக்கா."

நன்றாகச் சொல்கிறார். எழுதி வைத்துக்கொண்டேன்.

ஜூன் 8, புதன்

காலையில் சாரல். தும்பை, நாயுருவி, அம்மான் பச்சரிசி. பச்சைக் கட்டம் எல்லாவற்றுக்கும் வந்தது. பிப் பிப்.

ஜூன் 10, வெள்ளி

வெள்ளிக்கிழமை வீட்டைத் துடைக்கும் நாள். துடைத்து முடித்துவிட்டு, கேமராவையும் சுத்தம் செய்யலாம் என்று இந்த வாரப் படங்களைப் பார்க்க உட்கார்ந்தேன். எல்லாம் மங்கல். தும்பைப் பூவின் உதடு எது, இலை எது என்றே பிரியவில்லை. எம்.எஸ்ஸி. படிக்கும்போது எதையும் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்து பார்க்கப் பழகியவள். கை லென்ஸ் கல்யாணத்துக்கு முன்பே தொலைந்துவிட்டது, பழக்கம் தொலையவில்லை. கேமராவை மூக்குவரை கொண்டுவந்து பார்த்தேன். இன்னும் மங்கல்.

குப்பைத்தொட்டி போட்ட பட்டனை அமுக்கினால், "அழிக்கவா?" என்று கேமரா ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்கிறது. ஆம், இல்லை என்று இரண்டு பதில். ஆம். நாற்பத்தொன்றையும் அழித்தேன். இனி வெள்ளிக்கிழமைதோறும் இப்படியே வைத்துக்கொள்வது. கசடு சேர விடக்கூடாது.

ஜூன் 14, செவ்வாய்

இன்று பாடம் அபர்ச்சர். லென்ஸுக்குள் இருக்கும் துளை. உடனே இலைத்துளை நினைவு வந்தது. ஆனால் இலைத்துளை வெளிச்சத்தில் திறக்கும், இது வெளிச்சத்தில் சுருங்கும். நேர் எதிர். இன்னொரு வேடிக்கை, எஃப் 2.8 என்றால் பெரிய துளை, எஃப் 8 என்றால் சின்னத் துளை. வகுப்பில் ரேங்க் மாதிரி, எண் சிறிதானால் ஆள் பெரிது. துளை பெரிதானால் ஒரு பூ தெளிவாகி மற்றதெல்லாம் பின்னால் கரைந்துவிடும். சிறிதானால் முன்னும் பின்னும் தெளியும். என் கேமராவில் இதை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் எப்படி ஒரு பொருளோடு குடித்தனம் நடத்துவது?

மாடி வீட்டு ரோஸ்லின் ஊசியையும் நூலையும் கொண்டுவந்தாள். இந்தத் தெருவில் யாருக்கும் ஊசி கோத்துக் கொடுப்பது நான்தான். கை ஈரம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். இப்போது ஊசியின் காதை ரொம்பச் சின்னதாகச் செய்கிறார்கள். கேட்பார் இல்லை.

இவர் அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தார். நாலு மாதமாக இந்தப் பழக்கம். மனசுக்கு அமைதியாக இருக்கிறதாம்.

ஜூன் 17, வெள்ளி

எண்பத்தெட்டு. ஆம். ஆம். ஆம்.

ஜூன் 19, ஞாயிறு

ஒருவேளை என் கை நடுங்குகிறதோ. காஜா சொன்னது: ஷட்டர் திறந்திருக்கிற நேரத்தில் கை அசைந்தால் படம் கலங்கும். அறுபதில் ஒரு விநாடி என்றால் பரவாயில்லை, பத்தில் ஒரு விநாடி என்றால் மூச்சை அடக்க வேண்டும்.

காப்பி டம்ளரை விளிம்பு வரை ஊற்றிக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தேன். தளும்பவில்லை. ஆனாலும் சந்தேகம் போகவில்லை. நாற்பத்தைந்து வயதில் ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் உடம்பு என்னென்னவெல்லாம் சொல்லும் என்று யாருக்குத் தெரியும்? காரியத்தையே எடுக்காமல் இருந்தால் ஒன்றும் சொல்லாது போல.

பித்தளைச் சொம்பைக் கவிழ்த்து அதன்மேல் கேமராவை வைத்து எடுத்தேன். கீழாநெல்லிக்கு அந்த உயரம்தான் சரி. தெருவில் குப்புறப் படுத்தபடி எடுத்துக்கொண்டிருந்தபோது பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "மயக்கமா தாயி?" என்றார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் மங்கல். சொம்புக்குமா கை நடுங்கும்?

இவர் ஹாலில் இருந்த குண்டு பல்பைக் கழற்றிவிட்டுப் பெரிய டியூப் லைட் மாட்டினார். காரணம் கேட்டால், "பழசு போரடிச்சுட்டு" என்கிறார். நல்லதுதான். குண்டு பல்பு வெளிச்சத்தில் படம் எடுத்தால் தும்பைப் பூ மஞ்சளாக வருகிறது. அதைச் சரிசெய்வதற்குப் பெயர் ஒயிட் பேலன்ஸ். வெள்ளை எது என்று கேமராவுக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம்.

ஜூன் 23, வியாழன்

காஜாவிடம் நேராகவே சொல்லிவிட்டேன். "தம்பி, இந்தக் கேமரா பொய் சொல்லுது. பச்சை காட்டுது, பிப் பிப்புங்குது, படம் மங்கலா இருக்கு."

வாங்கி நாலு படம் எடுத்தார், பார்த்தார். "நல்லாத்தானக்கா இருக்கு."

விற்றவர் வேறு என்ன சொல்வார்? வீட்டில் இவரிடம் காட்டினேன். இவரும் "நல்லாருக்கே" என்றார். இவர் குழம்பு இலைக்கு வருவதற்கு முன்பே நன்றாக இருக்கிறது என்று சொல்கிறவர். இந்த வீட்டில் நேர்மையான விமர்சகர் நான் ஒருத்திதான்.

ஐ.எஸ்.ஓ. பற்றியும் சொன்னார் காஜா. வெளிச்சம் குறைவான இடத்தில் அதைக் கூட்டிக்கொள்ளலாம், ஆனால் படத்தில் பொரிபொரியாக வரும். ரேடியோவைச் சத்தமாக வைத்தால் இரைச்சலும் சேர்ந்து வருகிற மாதிரி. நான் எண்பதிலேயே வைத்திருக்கிறேன். அப்படியும் மங்கல் என்றால் குற்றம் என் மேல் இல்லை.

ஜூன் 24, வெள்ளி

எழுபது.

படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் கொஞ்சம் தெளிவாக இருப்பதுபோல் தோன்றியது. ஆனால் புத்தகத்தில் இருப்பதை யார் பெரிதாக்கிப் பார்ப்பார்கள்? அழித்தேன்.

ஜூன் 26, ஞாயிறு

பட்டியலில் நாற்பதாவது செடி அழுகண்ணி. பூச்சி தின்னும் செடி ஒன்றாவது இல்லாவிட்டால் மாணவிகள் புத்தகத்தைத் திறக்கவே மாட்டார்கள் என்று ஜெயக்கொடி கடைசியாகச் சேர்த்தது. ஊருக்கு மேற்கே கால்வாயை ஒட்டிய பாறைச் சரிவில், சாரல் நீர் கசிகிற இடத்தில் இருக்கலாம் என்று போனேன். ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்ட இவர், குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

இருந்தது. எட்டணாக் காசு அளவில் சிவப்பாக, பாறையோடு ஒட்டிக்கொண்டு. நான் தேடியபோது கிடைக்கவில்லை. இவர்தான், "இது என்னது, சிவப்பா?" என்று காட்டினார். அதுவும் என் காலுக்கு அருகிலேயே. அதன் இலையில் மயிர் மயிராக நீட்டிக்கொண்டு நுனியில் ஒவ்வொரு துளி பசை இருக்கும். எனக்கு ஒரு சிவப்புப் பொட்டு மட்டும் தெரிந்தது. ஈரத்தில் பசை கரைந்திருக்கும்.

பதினெட்டுப் படம் எடுத்தேன்.

ஜூலை 1, வெள்ளி

அறுபத்தைந்து. அழுகண்ணி பதினெட்டும் அதில் சேர்த்தி.

அழிக்கும்போது வருத்தமாக இருந்தது. ஆனாலும் ஆம்.

ஜூலை 7, வியாழன்

ஜெயக்கொடி போன் செய்தாள். "எத்தனை ஆச்சு?"

"முக்கால்வாசி முடிஞ்சுது" என்றேன். இருபத்துநாலு வருடப் பழக்கத்தில் அவளிடம் சொன்ன முதல் பொய்.

"அப்ப நாலஞ்சு அனுப்பேன், பாக்கலாம்."

"மொத்தமாத் தாரேன்."

"ஏட்டி வடிவு, முடியலைன்னா சொல்லிரு. படம் வரையுத பொண்ணு ஒருத்தி இருக்கா, பதினஞ்சாம் தேதிக்குள்ள சொன்னா கோட்டோவியமாப் போட்டுருவேன். உன் மேல கோவமெல்லாம் படமாட்டேன்" என்றாள்.

கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்னும் எட்டு நாள். கையில் ஒரு நல்ல படம்கூட இல்லை. எனக்குச் செடியின் பெயர் தெரியும், குடும்பம் தெரியும், ஐ.எஸ்.ஓ. தெரியும், அபர்ச்சர் தெரியும். தெரிந்தவை எல்லாம் சேர்ந்தும் ஒரு படம் ஆகவில்லை. சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டே இட்லிக்கு அரைத்தேன். உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

ஜூலை 8, வெள்ளி

நாற்பத்தெட்டு. பழக்கத்தை விடவில்லை.

ஜூலை 10, ஞாயிறு

நேற்று சும்மா ஒன்பது படம் எடுத்தேன், மூக்கிரட்டை. கைவிடுமுன் கடைசியாக.

இன்று கேமராவைப் பெட்டியில் வைத்துக் கட்டிப் பரணில் போட எடுத்தபோது, அட்டைக்கு அடியில் பிரிக்காத ஒரு ஒயர் கிடந்தது. ஒரு முனை சின்னது, மறுமுனையில் மஞ்சளும் வெள்ளையுமாக இரண்டு குச்சி. "டிவியில சொருகுறது" என்றார் இவர். சொருகினார். நான் சோபாவில் உட்கார்ந்திருந்தேன், எட்டடி தள்ளி.

டிவி முழுக்க மூக்கிரட்டைப் பூ. ஒரு கடுகளவுப் பூ, பானை அகலத்துக்கு. இதழின் மடிப்பு, மகரந்தத் தாள், காம்பில் ஒட்டிய பிசின் மயிர், அதில் சிக்கிய ஒரு பொடிப் பூச்சியின் கால்வரை. ஒன்பதும் அப்படியே. எழுந்து நின்றுவிட்டேன்.

பிறகு கேமராத் திரையில் பார்த்தேன். அதே படம், மங்கல்.

இப்போது புரிந்துவிட்டது. கேமரா நல்ல கேமரா. பின்னால் இருக்கிற திரைதான் கோளாறு. நாளை காலை முதல் வேலையாக காஜாவிடம் போய்த் திரையை மாற்றித் தரச் சொல்ல வேண்டும். இவரிடம் சொன்னேன். இவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, "சரி, போய்ட்டு வா" என்றார்.

ஜூலை 11, திங்கள்

விவரமாக எழுத வேண்டும்.

"தம்பி, ஸ்கிரீன் கெட்டுப்போச்சு. டிவியில தெளிவா இருக்கு, இதுல மங்கலா இருக்கு. வாரண்டி இருக்கில்லா?"

காஜா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வாரண்டிக்கு எழுதணும்க்கா. அடியில சீரியல் நம்பர் இருக்கு, வாசிங்க, எழுதிக்கிடுதேன்."

கேமராவைத் திருப்பிக் கண்ணருகே கொண்டுவந்தேன். ஒரு சாம்பல் நிறக் கோடு. கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். இன்னும் கொஞ்சம். கை முழுக்க நீட்டியாயிற்று. "கை பத்தலையாக்கா?" என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுந்து வந்திருப்பேன். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்துத் துடைத்து, "இது எங்க உம்மாவுக்கு வாங்கி வச்சது. சும்மா போட்டுப் பாருங்க" என்றார்.

சும்மாதானே என்று போட்டேன்.

சீரியல் நம்பரில் பதினொரு எழுத்து. அதற்குக் கீழே தயாரித்த நாட்டின் பெயர். கேமராவின் தோல் முழுக்கப் பொடிப்பொடியாகச் சொரசொரப்பு, அது இருப்பதே எனக்குத் தெரியாது. திரையைப் போட்டேன். மூக்கிரட்டை, காம்பு, பிசின், பூச்சியின் கால். எல்லாம் அந்த இரண்டரை அங்குலத்துக்குள்ளேயே இருந்தது. என் விரல் ரேகையும் தெரிந்தது. வெகுநாள் கழித்துப் பார்க்கிறேன், கொஞ்சம் காய்த்துப்போயிருக்கிறது.

"வெள்ளெழுத்துதான்க்கா. நாப்பதுக்கு மேல எல்லாருக்கும் வாரதுதான். தூரத்துல பஸ் போர்டு தெரியும், கையில இருக்க டிக்கெட்டு தெரியாது."

மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். நாற்பத்தொன்று, எண்பத்தெட்டு, எழுபது, அறுபத்தைந்து, நாற்பத்தெட்டு. முந்நூற்றுப் பன்னிரண்டு. கேமரா ஒவ்வொரு தடவையும் 'அழிக்கவா?' என்று கேட்டது. அது பொய்யே சொல்லவில்லை.

"தம்பி, நான் எல்லாத்தையும் அழிச்சுட்டேன்."

"எல்லாத்தையும்னா?"

"வெள்ளிக்கிழமைதோறும்."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். உடனே அந்தக் கையைக் கேமராவை நோக்கி நீட்டினார். "மெமரி கார்டைக் கழட்டிக் குடுங்க. இதுக்கு மேல ஒரு படம்கூட எடுத்துராதீங்க."

ஜூலை 12, செவ்வாய்

அழிப்பது என்றால் அழிப்பதில்லையாம். வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையைக் கழற்றுவது மட்டும்தான், ஆள் உள்ளேயே இருப்பார். புது ஆள் குடி வந்தால்தான் பழைய ஆள் காலி. கார்டில் ஆயிரம் படம் பிடிக்கும். நான் எடுத்தது அதில் மூன்றில் ஒரு பங்குதான். "உங்க நல்ல நேரம்க்கா, பெரிய கார்டா வாங்குனீங்க" என்றார் காஜா. சின்னக் கார்டு போதும் என்று நான் வாதாடியதையும், அவர்தான் பெரியதைத் தலையில் கட்டினார் என்று வீட்டில் திட்டியதையும் அவரிடம் சொல்லவில்லை.

கம்ப்யூட்டரில் கார்டைச் சொருகி ஒரு மென்பொருளை ஓடவிட்டார். ஒரு பச்சைக் கோடு நகர்ந்தது. மூன்று மணி நேரம். நான் அவருடைய உம்மாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்திருந்தேன். முதலில் வந்தது தும்பை. பிறகு நாயுருவி. பிறகு ஒவ்வொருவராக, போன திருவிழாவில் தொலைந்த பிள்ளைகள் மாதிரி வந்தார்கள். இருநூற்று எழுபத்து நாலு முழுதாக.

அழுகண்ணி ஒன்றே ஒன்றுதான் வந்தது, அதுவும் பாதி. மேல் பாதியில் பாறையும் ஈரமும், கீழ்ப் பாதியில் சாம்பல் பட்டை. செடி இருந்தது கீழ்ப் பாதியில்.

ஜூலை 13, புதன்

கண் பரிசோதனை. ஒன்றரை. படிக்க மட்டும். டாக்டர் ஒரு அட்டையைக் கொடுத்துத் தமிழில் ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார். நான் வாசித்துக்கொண்டே போனேன். "போதும்மா" என்றார். நான் கடைசி வரி வரை வாசித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

சாயங்காலம் அரிசித் தட்டோடு உட்கார்ந்திருந்த இவரிடம் கேட்டேன். "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"எது?"

"எச்செம் வேஷம் போடாதீங்க."

ஒரு கல்லை எடுத்து ஓரமாக வைத்தார். "தைப் பொங்கல் கழிச்சு. பல்லுல ஒண்ணு மாட்டுச்சு. அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு."

"அதான் கல்லு பொறுக்குதீங்களா? மனசு அமைதின்னு சொன்னீங்க."

"பல்லு அமைதியா இருந்தா மனசும் அமைதிதான்."

டியூப் லைட் அதற்காகத்தான். காலையில் பேப்பரைச் சத்தமாக வாசிப்பதும் அதற்காகத்தான். மளிகைச் சீட்டை வழக்கத்தைவிடப் பெரிய எழுத்தில் எழுதுவதும். இதையெல்லாம் நான் கவனித்திருக்கிறேன், வயதாக ஆக இவருக்கு ஏதோ கிறுக்குப் பிடிக்கிறது என்று.

"ஏன் சொல்லல?"

"நான் கண்ணாடி போட்ட அன்னைக்கு உன் தம்பி வீட்டுல பன்னிரண்டு பேரு இருந்தாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "உனக்கு அப்படி ஒரு நாள் வரவேண்டாம்னு நெனச்சேன். நீயே கண்டுபிடிச்சா அது வேற."

தட்டை வாங்கிக்கொண்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆறு கல் எடுத்தேன். அவர் பொறுக்கி முடித்த பக்கத்திலிருந்து. "உங்க பவர் மாறியிருக்கு, போய்ப் பாருங்க" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிக நேரம் சிரித்தேன், கண்ணைத் துடைக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது.

இந்த டைரியின் கோடுகளை மங்கலாக அச்சடித்திருக்கிறார்கள் என்று ஜனவரியில் எழுதியிருந்தேன். இன்று பார்த்தால் கோடுகள் நன்றாகவே இருக்கின்றன. என் எழுத்துதான் கோட்டில் நிற்கவில்லை.

ஜூலை 15, வெள்ளி

ஜெயக்கொடிக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன், பொய்யையும் சேர்த்து. அவள் சிரித்து ஓயும்வரை ரிசீவரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தேன். "எனக்கு ரெண்டு" என்றாள். "ஆறு வருஷமா. போர்டுல எழுதும்போது மட்டும் கழட்டிருவேன்."

முப்பத்திரண்டு செடிகளுக்குப் படம் கிடைத்துவிட்டது. இன்னும் எட்டு. அவள் கோட்டோவியப் பெண்ணைக் கூப்பிடவில்லை.

வீடு துடைத்தேன். வேறு எதையும் அழிக்கவில்லை.

ஜூலை 22, வெள்ளி

ஏழு முடிந்தது. அழுகண்ணி மட்டும் பாக்கி. கால்வாய்ப் பக்கம் நேற்றுப் போனோம். பாதையைச் சரிசெய்ய வந்தவர்கள் ஜல்லியை அந்தப் பாறைமேல் கொட்டியிருக்கிறார்கள். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜல்லியைப் புரட்டிப் பார்த்தார். இல்லை.

ஜூலை 26, செவ்வாய்

பாறையின் மறுபக்கம். இல்லை.

ஜூலை 30, சனி

நாளை கடைசி நாள். விடியும்போதே புறப்பட்டோம். கால்வாயோடு இன்னும் ஒரு கிலோமீட்டர் மேற்கே, மதகைத் தாண்டி ஒரு சின்னச் சரிவு. இவர் மேலிருந்து தேட, நான் முழங்கால் போட்டுக் கீழிருந்து தேடினேன். கண்ணாடியில் சாரல் விழுந்துகொண்டே இருந்தது, துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

இந்தத் தடவை கண்டுபிடித்தது நான்.

ஒன்றல்ல, இருபதுக்கு மேல். கசிவு நீரின் ஓரமாக வரிசையாக. குனிந்தேன். இலையின் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக, நுனியில் ஒரு துளி, துளிக்குள் தலைகீழாக ஒரு துண்டு வானம். ஒரு இலை ஒரு சிற்றெறும்பை மெதுவாக மடித்துக்கொண்டிருந்தது. எறும்பின் ஒரு கால் இன்னும் அசைந்தது. இதை நான் கடைசியாகப் பார்த்தது எம்.எஸ்ஸி. இரண்டாம் வருடம், லென்ஸ் வைத்து. அன்று ரெக்கார்டு நோட்டில் துளிகளை எண்ணி வரைந்தேன். இன்றும் எண்ண ஆரம்பித்தேன்.

"எடுத்தாச்சா?" என்று மேலிருந்து குரல் வந்தது.

கேமராவை உறையிலிருந்தே எடுக்கவில்லை. அதற்குள் கால் மணி நேரம் ஆகிவிட்டதாம்.

சொம்பைக் கவிழ்த்தேன். மேக்ரோ. ஐந்து சென்டிமீட்டர். பாதி அமுக்கினேன். பச்சைக் கட்டம். பிப் பிப். திரையைப் பார்த்தேன். உண்மைதான் சொல்கிறது.

ஜூலை 31, ஞாயிறு

காஜா பதிந்து கொடுத்த சி.டி.யில் நாற்பதையும் ஜெயக்கொடியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அழுகண்ணிக்கு வந்ததும் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தாள். "இதுதான் அட்டைப்படம்" என்றாள்.

ஆகஸ்ட் 7, ஞாயிறு

பின்னட்டைக்கு எங்கள் இருவருடைய படமும் வேண்டுமாம். என்னை எடுக்க இவரைத் தவிர யார் இருக்கிறார்கள்? வாசலில் வேப்பமரத்தடியில் நின்றேன். கண்ணாடியைக் கழற்றலாமா என்று கை போனது.

"போட்டுக்க" என்றார். "அட்டையில பேரு வருது. எச்செம் பொண்டாட்டி டி.இ.ஓ. ஆயிட்டான்னு உன் தம்பிகள்ட்ட நான் சொல்லணும்லா."

ஐந்து வருடத்தில் அவர் பதிலுக்குச் சொன்ன முதல் வார்த்தை. நான் சிரித்தேன். அவர் அதே நொடியில் பட்டனை ஒரே அமுக்காக அமுக்கிவிட்டார்.

"பாதி அமுக்குங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். பச்சை வரணும். பிப் பிப் கேக்கணும்."

பிறகு பாதி அமுக்கி, பச்சை வந்து, பிப் பிப் கேட்டு, நாலு எடுத்தார். நாலும் தெளிவு. நடு நெற்றியில் பொட்டு, மூக்கில் கண்ணாடி, உறுத்துப் பார்க்கிற ஒரு தாவரவியல்காரி. அதில் ஒன்று ஜெயக்கொடிக்குப் போய்விட்டது.

முதல் படம் மட்டும் கேமராவிலேயே இருக்கிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன், கையை நீட்டியும் பார்த்தேன், டிவியில் போட்டும் பார்த்தேன். எந்தத் தூரத்திலிருந்து பார்த்தாலும் மங்கல்தான். முகம் கலங்கி, வேப்பமரம் கலங்கி, சிரிப்பு மட்டும் ஒரு வெள்ளைக் கீற்றாக. இதுவரை எடுத்ததில் நிஜமாகவே மங்கலான படம் இது ஒன்றுதான்.

குப்பைத்தொட்டிப் பட்டன்மேல் பழக்கத்தில் விரல் பட்டுவிட்டது. "அழிக்கவா?" என்று கேட்டது.

இல்லை.